சாப்பிட அடம்பிடிக்கும் மகளைச் சமையலில் சேர்த்துக்கொண்டால் பயன் உண்டா?

ஹொரமாவு அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. தயிர்சாதம், வெறும் தோசை, நெய்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட் ஆகியவற்றைத் தாண்டி எதையும் வாயில் வைக்க மறுக்கிறாள். ஒன்றரை வயது வரையில் கீரை மசியலும் பருப்பும் பிசைந்து கொடுத்தால் மறுக்காமல் உண்டவள்தான். இப்போது சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு மிதந்தாலே தட்டைத் தள்ளிவிடுகிறாள். தோசையில் கறிவேப்பிலையின் ஓரம் தெரிந்தால்கூட அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியார், கைபேசியில் பாட்டுப் போட்டுவிட்டு, அவள் கவனம் அதில் இருக்கும்போது சோற்றை உருண்டை பிடித்து ஊட்டிவிடுகிறார். வயிறு நிரம்புகிறது என்பது உண்மை. ஆனால் என்ன சாப்பிட்டோம் என்பது அவளுக்கே தெரிவதில்லை என்பதும் உண்மை.

பிள்ளைகளைச் சமையலில் சேர்த்துக்கொண்டால் தாமாகவே சாப்பிடத் தொடங்குவார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் திரும்ப முடியாது. நானும் கணவரும் காலை எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டும். அடுப்புப் பக்கம் குழந்தையை விடவே கூடாது என்பதில் மாமியார் உறுதியாக இருக்கிறார். அதில் எனக்கும் உடன்பாடுதான். இந்த நிலையில் அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம், அதனால் உண்மையிலேயே பயன் உண்டா, அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கிருஷ்ணகிரிக்காரி எழுதியது:

வணக்கம் சகோதரி. சமையலறை சிறியது என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரிய வேலைகள் பெரும்பாலும் சமையலறைக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து செய்யக்கூடியவை. நம் பாட்டிமார் கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்ததும், அரிசியில் கல் பொறுக்கியதும் அப்படித்தானே? மேடைச் சமையலறை வந்த பிறகு எல்லா வேலையையும் நின்றபடி செய்யப் பழகிவிட்டோம். அதனால்தான் முக்காலி போட்டுக் குழந்தையை ஏற்றுவதும், அது சரிந்து விழுமோ என்று அஞ்சுவதும். தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தால் விழுவதற்கு இடமும் இல்லை, அடுப்பும் எட்டாது.

பெங்களூரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அவரைக்காய் குவியும். ஜனவரி வாக்கில் இங்கே அதற்கென்று மேளாவே நடத்துகிறார்கள். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பிதுக்கம்பருப்பு என்போம். இவ்வூரார் ஹிதகிதபேளே என்கிறார்கள். காயை உரித்து, பயற்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே தாவும், தோல் கையிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் இதை வேலையாகவே எண்ணுவதில்லை. யாருடைய பருப்பு எவ்வளவு தூரம் பாய்கிறது என்பதில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் பெரும் போட்டி நடக்கும். சுவரோரம் சில பருப்புகள் போய்ச் சேரும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: பச்சைப் பருப்பை வாயில் போடக் கூடாது. அவரைப் பயறு நன்றாக வெந்த பிறகே உண்ணத்தக்கது. கூட மூன்று வயதுத் தம்பி தங்கை யாராவது இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், தொண்டையில் சிக்கிக்கொள்ளும் அளவு அது.

அவரைக்காய் உரித்த கையில் ஒரு பிசுபிசுப்பும் மணமும் ஒட்டிக்கொள்ளும். அது சோப்புப் போட்டாலும் உடனே போகாது. முன்பின் அறியாத காயைத் தட்டில் முதன்முதலாகப் பார்ப்பதற்கும், விரலில் மணக்கும் காயைத் தட்டில் பார்ப்பதற்கும் குழந்தையிடம் வேறுபாடு இருக்கிறது. என் மூத்தவன் அந்தப் பருவம் முழுவதும் பிதுக்கிப் பிதுக்கிப் போட்டானே தவிர, குழம்பைத் தொடவில்லை. அடுத்த குளிர்காலத்தில்தான், தங்கைக்குக் கற்றுக்கொடுக்கும் மிதப்பில், நான்கைந்து பருப்பைச் சோற்றோடு சேர்த்து உண்டான். ஆகவே பயன் உண்டா என்று கேட்டால் உண்டு. இந்த வாரமே உண்டா என்று கேட்டால் சொல்வதற்கில்லை.

பருவம் இல்லாத நாட்களில் தண்டுக்கீரை, வெந்தயக்கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது, ஆழாக்கால் அரிசி அளந்து கொட்டுவது, அரிசி களைவது, எலுமிச்சம்பழம் பிழிவது, சிறிய இடி உரலில் மிளகு சீரகம் தட்டுவது ஆகியவற்றைக் கொடுக்கலாம். தாளிக்கும்போதும், குக்கரின் ஆவி இறங்குவதற்கு முன்னரும் பிள்ளை கூடத்தில்தான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை. பச்சை மிளகாயையும் கொடுக்காதீர்கள்.

மல்லேஸ்வரம் தாத்தா எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னவை நல்ல யோசனைகள்தான். இருந்தாலும், சமைத்தால் சாப்பிடுவார்கள் என்பதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. என் பேரனுக்கு ஏழு வயது. சின்னக் கட்டையில் சப்பாத்தி இடுவான், மோர் கடைவான், கொழுக்கட்டைக்கு உருண்டை உருட்டுவான். எல்லாவற்றையும் எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் தயிர்சாதத்தை மட்டும் உண்டு எழுந்துவிடுவான்.

எங்கள் வீட்டில் சிறிதளவாவது மாற்றம் வந்தது சமையலால் அன்று, பந்தியால். முன்பு அவனுக்கு ஏழு மணிக்கே தனியாக ஊட்டிவிட்டு, பெரியவர்கள் ஒன்பது மணிக்கு உட்காருவோம். இப்போது எல்லோரும் எட்டு மணிக்கு ஒன்றாக உட்காருகிறோம். நடுவில் பாத்திரங்கள் இருக்கும், அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் தட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி என் மனைவிக்குத்தான் மிகவும் கடினமாக இருந்தது என்பதை இங்கே சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன். பெரியவர்கள் பாகற்காய்ப் பிட்லையை ரசித்து உண்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அவனாகவே கரண்டியை நீட்டினான். துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் உண்டான். அதுவே எங்களுக்குப் போதும்.

ஜெயநகர் உணவு ஆலோசகர் எழுதியது:

வணக்கம். குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். மேலே இருவரும் எழுதியவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது என் கருத்து. ஆனால் அதற்கு முன், உங்கள் மகளிடம் நீங்கள் காணும் மாற்றம் எதனால் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் பாதிக் கவலை குறையும்.

பிறந்த குழந்தை முதல் ஆண்டு முடிவதற்குள் தன் பிறப்பு எடையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கிக்கொள்கிறது. இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு எடை ஆண்டுக்குச் சுமார் 2 கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது; நாமோ, முன்பு உண்ட அளவையே மனத்தில் வைத்துக்கொண்டு ஊட்ட முனைகிறோம். இதே காலத்தில்தான், தோராயமாக இரண்டு முதல் ஆறு வயது வரை, அறியாத உணவைக் கண்டு ஒதுங்கும் இயல்பும் உச்சத்தில் இருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை தந்த காவலாக இதை ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கசப்பை உணரும் திறனும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. டி.ஏ.எஸ்.2ஆர்38 என்ற மரபணுவின் வகையைப் பொறுத்து சிலருக்குச் சில கசப்புகள் மிகக் கடுமையாகத் தெரியும். ஒரே வகை மரபணு இருந்தாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதைக் கூர்மையாக உணர்கிறார்கள். எனவே உங்கள் மகள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று எண்ண வேண்டாம்.

புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்வதற்கு, வற்புறுத்தல் இல்லாமல் எட்டு முதல் பதினைந்து முறையாவது அது கண்ணில் படவும் நாவில் படவும் வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறை தள்ளிவிட்டதுமே, இவளுக்குப் பிடிக்காது என்று முத்திரை குத்திவிடுகிறோம். சமையல் வேலையின் முதன்மையான பயன் இங்கேதான் வருகிறது. தட்டில் வைத்தால் அது சாப்பிட வேண்டிய பொருள், எனவே மோதல். முறத்தில் இருந்தால் அது ஆய வேண்டிய பொருள், மோதல் இல்லை. பார்த்தல், தொடுதல், முகர்தல் ஆகிய படிகளைக் குழந்தை சண்டையில்லாமல் கடந்துவிடுகிறது. 2014-ஆம் ஆண்டு வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளில் பெற்றோருடன் சேர்ந்து சமைத்தவர்கள், பெற்றோர் மட்டும் சமைத்ததை உண்டவர்களைவிடக் கூடுதலாகக் காய்கறி சாலட் உண்டார்கள். ஆனால் அது ஒரே ஒரு வேளை உணவை வைத்துச் செய்யப்பட்டது. எனவே மல்லேஸ்வரம் ஐயாவின் பேரன் அந்த ஆய்வைப் பொய்யாக்கிவிடவில்லை.

ஐயா சொன்ன பந்தி விதியைத்தான் அமெரிக்க உணவியல் வல்லுநர் எலின் சாட்டர் வேறு சொற்களில் வகுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கேட்ட நேரத்தில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, சோற்று வேளையில் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று துரத்துகிறோம். பீன்ஸை முடித்தால் சாக்லேட் என்ற பேரமும் வேண்டாம். அதனால் பீன்ஸின் மீது விருப்பம் வளர்வதில்லை, சாக்லேட்டின் மதிப்புத்தான் கூடுகிறது.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றைக் கேட்கிறேன்: அவள் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்? சரியாக உண்பதில்லையே என்று மூன்று நான்கு தம்ளர் பால் கொடுக்கும் வீடுகள் பல. அரை லிட்டரைத் தாண்டினால் பசி மந்தப்படும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, அதிலுள்ள கால்சியமோ பிற உணவின் இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கும். தயிர்சாதமும் பாலும் மட்டுமே உண்ணும் பிள்ளைக்கு இரத்தசோகை வர வாய்ப்புண்டு. இரத்தசோகையே பசியையும் குறைக்கும். 5 முதல் 11 வயது வரை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

எடை குறைந்தாலோ, வளர்ச்சி அட்டவணையில் கோடு கீழே இறங்கினாலோ, விழுங்கும்போது இருமலும் குமட்டலும் அடிக்கடி வந்தாலோ, முன்பு உண்டவற்றையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வந்தாலோ, இதைச் சமையல் விளையாட்டால் சரிசெய்யப் பார்க்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவைத் தவிர்ப்பதும் மிகவும் குறைத்துக்கொள்வதுமான ஏ.ஆர்.எஃப்.ஐ.டி. என்று தனியாகவே ஓர் உண்ணல் கோளாறு 2013 முதல் மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றுள்ளது. உங்கள் மகளுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்தால் இந்த வயதுக்கு உரிய அடமாகவே தோன்றுகிறது. இருந்தாலும் எடையும் இரத்தமும் பார்க்காமல் யாரும் இணையத்தில் உறுதி சொல்ல முடியாது.

வைட்ஃபீல்ட் அப்பா எழுதியது:

எங்கள் வீட்டிலும் காலையில் கிளம்புகிற அவசரம் உண்டு. எனவே வாரநாட்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாத வேலைகள் மட்டுமே மகனுக்கு. அவனுக்கு மிகவும் பிடித்தது மாவுக் கண்காணிப்பு. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர் கூடுதல்; சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் இட்லி மாவு இங்கே டிசம்பரில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் சோம்பிக் கிடக்கும். இரவில் உப்புப் போட்டு அவன் கையாலேயே கலக்கச் சொல்வேன். கண்ணாடிச் சாடியில் மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டுவிடுவான். விடிந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்பே, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஓடுவான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல பலகாரம் சொல்கிறேன்: அக்கி ரொட்டி. கன்னட நண்பர் ஒருவர் வீட்டில் கற்றுக்கொண்டேன். அரிசி மாவில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், சீரகம், உப்பு சேர்த்து வெந்நீர் விட்டுப் பிசைந்து, எண்ணெய் தடவிய கல்லில் கையால் தட்டிப் பரப்பி, பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். அதாவது குழந்தை தட்டும்போது கல் ஆறிய நிலையில் தரையில் இருக்கிறது. சூடு என்ற பேச்சே இல்லை. தட்டி முடித்ததும் நான் எடுத்துச்சென்று மூடி போட்டு வேகவைக்கிறேன். இரண்டு தோசைக்கல் இருந்தால் ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது தயாராகிவிடும். வெந்நீர் விட்டுப் பிசையும் வேலை மட்டும் நம்முடையது.

என்ன சேர்ப்பது என்பதை அவனிடம் விடுகிறேன், ஆனால் இரண்டு பொருள்களைக் காட்டி அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். எது வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பான். கேரட்டா சுரைக்காயா என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ராகி மாவிலும் இப்படியே தட்டலாம். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருப்பதால், பாலைக் குறைக்க வேண்டியிருந்தால் உங்களுக்கு அது கைகொடுக்கும்.

காயை அரைத்து மாவில் மறைத்துவிடுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கண்டுபிடித்துவிட்டால், இப்போது உண்கிற தோசையின் மீதும் நம்பிக்கை போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால், அந்தக் காயோடு அவளுக்குப் பழக்கமே ஏற்படாது. அவளே அரைத்துக் கலந்தால் அது மறைப்பது ஆகாது.

ஹொரமாவு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பால் பற்றிய கேள்வி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காலை, பள்ளி விட்டு வந்ததும், இரவு என்று மூன்று பெரிய தம்ளர் கொடுக்கிறோம், அதுவும் ஊட்டச்சத்துப் பொடி கலந்து. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறோம்.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. கைபேசியை நிறுத்தி, ஊட்டுவதையும் நிறுத்தினால், பிள்ளை பட்டினி கிடப்பாள் என்று மாமியார் கலங்குகிறார். அவரை வருத்தாமல் இதை எப்படித் தொடங்குவது?

கிருஷ்ணகிரிக்காரி எழுதியது:

மாமியாரை ஊட்டும் பொறுப்பிலிருந்து விலக்கினால் வருந்துவார். அதைவிடப் பெரிய பொறுப்பாகக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பகலில் பேத்தியோடு இருப்பவர் அவர்தான். கீரை ஆய்வதும் பயறு உரிப்பதும் அவருக்குக் கைவந்த வேலை. உங்களைவிடவும் என்னைவிடவும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். பள்ளி விட்டு வந்த பிறகு மாலையில் அரை மணி நேரம் இருவரும் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்கு வேண்டியதை ஆயட்டும். காலையில் உங்களுக்கும் வேலை மிச்சம்.

கைபேசியை மூன்று வேளையிலும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். நீங்களும் கணவரும் வீட்டில் இருக்கும் இரவு உணவிலிருந்து தொடங்குங்கள். அந்த வேளையில் அவளுக்குப் பழக்கமான தயிர்சாதம் கட்டாயம் மேசையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அன்று அவள் ஆய்ந்த கீரையோ உரித்த பட்டாணியோ இருக்கட்டும். தயிர்சாதத்தை மட்டும் உண்டு எழுந்தால் எழட்டும். அவள் ஆய்ந்தது என்று உங்கள் கணவரிடம் சொல்லலாம். ஆனால் ‘எனவே நீ சாப்பிடு’ என்று அவளிடம் சொல்லக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் வீடுகளில் எல்லாம் காரியம் கெடுகிறது.

மல்லேஸ்வரம் தாத்தா எழுதியது:

மாமியார் அம்மையாரிடம் என் மனைவி தொலைபேசியில் பேசத் தயாராக இருக்கிறாள், தனிச்செய்தியில் எண்ணைக் கேளுங்கள். ஒரு வேளை குறைத்து உண்ட பிள்ளை அடுத்த வேளை சரிக்கட்டிக்கொள்ளும் என்பதை நான் சொன்னால் நம்ப மாட்டார். இன்னொரு பாட்டி சொன்னால் நம்புவார்.